ஷூ வாங்கும் முன்: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நேரு வீதியை ஒட்டிய ஒரு காலணிக் கடையில் நெடுநாளாக விற்பனையில் இருக்கிறேன். வில்லியனூர், பாகூர், கடலூர், பண்ருட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கேட்கிற கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டிய இடம் வந்தால் அதையும் சொல்லியிருக்கிறேன்.

கடைக்கு எந்த நேரத்தில் வந்தால் நல்லது?

சாயங்காலம். நாள் முழுக்க நின்று நடந்த கால், காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும். சித்திரை வெயிலில் இன்னும் கூடுதலாக வீங்கும். காலை பத்து மணிக்குச் சிக்கென்று பொருந்திய ஷூ, மாலை ஐந்து மணிக்கு நெருக்க ஆரம்பித்துவிடும். எந்த சாக்ஸோடு போடப் போகிறீர்களோ அதையே கொண்டு வாருங்கள். கடையில் நாங்கள் கொடுக்கிற மெல்லிய நைலான் சாக்ஸோடு பார்த்துவிட்டு, வீட்டில் தடித்த காட்டன் சாக்ஸ் போட்டால் கணக்கு தப்பும்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். சந்தைக் கூட்டமும் துணிக்கடைக் கூட்டமும் சேர்ந்துவிடும், உங்களை உட்காரவைத்து அளவெடுக்க எங்களுக்கே நேரம் இருக்காது.

எனக்கு எட்டாம் நம்பர் என்று தெரியும். மறுபடி எதற்கு அளக்க வேண்டும்?

அந்த எட்டு எந்த வருஷத்து எட்டு? காலேஜில் படித்தபோது வாங்கிய நம்பரையே ஐம்பது வயதிலும் சொல்கிறவர்கள்தான் அதிகம். வயது ஏற ஏற பாதத்தின் தசைநார்கள் தளர்ந்து உள்வளைவு தாழ்கிறது. கால் நீளமும் அகலமும் கூடுகின்றன. உடம்பு போட்டாலும் அப்படித்தான். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கூடுகிற நீளம், பிரசவத்துக்குப் பிறகும் அப்படியே நின்றுவிடலாம். பிள்ளை பெற்ற பிறகு பழைய செருப்பெல்லாம் இறுக்கிப் பிடிக்கிறது என்று வருகிறவர்களிடம், செருப்பில் குறையில்லை, கால்தான் மாறியிருக்கிறது என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் அளப்பது சுலபம். ஒரு ஏ4 தாளைச் சுவரோடு ஒட்டினாற்போல் தரையில் வையுங்கள். குதிகால் சுவரைத் தொடும்படி அதன்மேல் நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் உடல் எடை காலில் இறங்காது, அளவு குறைத்துக் காட்டும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இன்னொருவர் சுற்றிக் கோடு போடட்டும். நீங்களே குனிந்தால் பாரம் முன்னால் சாய்ந்துவிடும். சுவரிலிருந்து மிக நீளமான விரலின் நுனி வரை நீளம். அது கட்டைவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பலருக்கு இரண்டாவது விரல்தான் நீண்டிருக்கும். விரல்கள் தொடங்குகிற இடத்தில், பாதத்தின் மிக அகன்ற பகுதியில் குறுக்கே அகலம். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்குங்கள். சிறிய கால் ஆடினால் அந்த ஒரு ஷூவில் மட்டும் மெல்லிய இன்சோல், அதாவது பாதத்துக்கு அடியில் போடும் உள்தகடு, வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தக் கோட்டின்மேல் நீங்கள் தினமும் போடுகிற ஷூவை வைத்துப் பாருங்கள். விரல் பக்கத்தில் கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால், அத்தனை சதையும் எலும்பும் தினமும் உள்ளே மடக்கித் திணிக்கப்படுகிறது என்று பொருள்.

ஒரு கம்பெனியில் 8 சரியாக இருக்கிறது, இன்னொன்றில் 9 கேட்கிறது. ஏன்?

ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஓர் அச்சு வைத்திருக்கிறது. லாஸ்ட் என்பார்கள். அந்த அச்சின்மேல்தான் ஷூவை இழுத்துத் தைக்கிறார்கள். ஒருவர் அச்சு நீண்டு குறுகியிருக்கும், இன்னொருவருடையது குட்டையாக அகன்றிருக்கும். நம்பர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கிற இடம் வேறு.

நம்பர் முறைகளும் வேறுவேறு. நம் ஊரில் புழங்குவது பிரிட்டிஷ் கணக்கு. அதில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம், சுமார் 8.5 மில்லிமீட்டர். பிரெஞ்சுக் கணக்கில் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 6.7 மில்லிமீட்டர். புதுச்சேரியில் இது ஏட்டுக் கணக்கு இல்லை. பிரான்ஸில் இருக்கிற பிள்ளைகள் அப்பாவுக்கு 42 என்று வாங்கி அனுப்பிவிடுவார்கள், இங்கே அவர் எட்டா ஒன்பதா என்று குழம்பிக்கொண்டு பெட்டியோடு எங்களிடம் வருவார். 42 பெரும்பாலும் நம் 8-க்கு அருகில் வரும். அமெரிக்க ஆண்கள் ஷூ என்றால் பொதுவாக ஒரு நம்பர் கூட்டிப் போட்டிருப்பார்கள். இத்தனைக்கும் ஒரே மருந்து, பெட்டியில் சென்டிமீட்டரிலோ மில்லிமீட்டரிலோ அச்சிட்டிருக்கும் அளவைத் தேடி உங்கள் தாளோடு ஒப்பிடுவது.

இந்தியக் காலுக்கென்று தனி அளவு முறை கொண்டுவரும் முயற்சியும் நடக்கிறது. சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை ஸ்கேனரில் அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட நம் கால் அகலம் என்பது அதில் தெரியவந்தது. புது முறைக்கு 'பா' என்று பெயர். ஷூ பக்கவாட்டில் இறுக்குகிறது என்பதற்காக நீளத்தில் ஒரு நம்பர் ஏற்றி வாங்கும் பழக்கம் நம்மிடம் ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

அகலமான காலுக்கு ஒரு நம்பர் பெரிதாக வாங்கினால் தப்பா?

வேறு வழியே இல்லாவிட்டால் செய்யலாம், ஆனால் நல்ல வழி அன்று. ஷூ மடங்குகிற இடமும் உங்கள் பாதம் மடங்குகிற இடமும் ஒன்றாக வர வேண்டும். நீளம் கூடினால் ஷூ தன் இடத்தில் மடங்கும், கால் வேறிடத்தில் மடங்கும். குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலே வந்து உரசும். விளையாட்டு ஷூக்களில் சில கம்பெனிகள் அகலத்தையும் எழுத்தால் குறிக்கின்றன. ஆண்களுக்கு 'டி' சாதாரணம், '2ஈ' அகலம், '4ஈ' மிக அகலம். கடையில் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் முதலாளிகள் அந்தச் சரக்கை எடுத்து வைப்பார்கள். அது கிடைக்காதபோது முன்பக்கம் உருண்டையாக இருக்கிற, லேஸ் கட்டுகிற மாடல் பாருங்கள். கூர்மூக்கு ஷூ அகலக் காலுக்கு வேண்டவே வேண்டாம்.

போட்டுப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் உட்கார்ந்தபடியே போட்டு, கால் கட்டைவிரல் இருக்கிற இடத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு, பில் போடுங்க" என்கிறார்கள். உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இரண்டு ஷூவையும் போட்டு, லேஸை முழுதாகக் கட்டி எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் இடையே கை கட்டைவிரல் அகலம், அதாவது ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும். நடக்கும்போது கால் முன்னால் சறுக்கும், அதற்கான இடம் இது. உள்ளே விரல்களை மேலும் கீழும் ஆட்ட முடிய வேண்டும். குதிகாலில் பிடிப்பு இருக்க வேண்டும். பிறகு கடைக்குள் நாலு நடை நடங்கள். எங்கள் கடையில் கார்ப்பெட் விரித்திருக்கிறது, அதில் எல்லா ஷூவும் மெத்தென்றுதான் இருக்கும். வாசல் பக்கம் டைல்ஸ் தரை இருக்கிறது, அங்கே போய் நடக்கச் சொல்வேன். மாடிப்படி இருந்தால் ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் நுனியில் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம்.

இன்சோல் கழற்ற வருகிற ஷூவாக இருந்தால் அதை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பாதம் ஓரங்களில் வழிந்தால் ஷூ குறுகல். கைக்கும் ஒரு சோதனை உண்டு. ஷூவை இரண்டு கையாலும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது, நட்டநடுவில் இரண்டாக மடிந்தால் உள்ளே வலு இல்லை.

"புதுசு கடிக்கத்தான் செய்யும், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார்களே?

எங்கள் தொழிலில் சரக்குத் தள்ளச் சொல்கிற வார்த்தை இது. நானும் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன்தான். தோல் ஷூவின் மேல்பாகம் சில நாளில் கொஞ்சம் இளகும், உண்மை. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. ரெக்சின், பிளாஸ்டிக் வகைகள் அந்த அளவுக்குக்கூட இளகாது. சாயங்காலம் கடையில் நடக்கும்போதே ஓரிடத்தில் உறுத்துகிறது என்றால், அந்த இடத்தில்தான் நாளைக்குக் கொப்புளம் வரும், அடுத்த வருஷம் கால் ஆணி வரும். ஆணி என்பது தொடர்ந்து அழுத்தம் படுகிற இடத்தில் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிப்பதுதான். காரணமான செருப்பை மாற்றாமல் ஆணியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும். பிளேடால் சீவாதீர்கள்.

பீச் ரோட்டில் தினமும் நடக்கிறேன். என்ன ஷூ வாங்கலாம்?

மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விடாததால் ஊரே அங்கேதான் நடக்கிறது. ஒரு பிரச்சினை, தரை முழுக்க கெட்டி. அதற்குக் குதிகாலில் மெத்தை உள்ள, எடை குறைந்த நடை ஷூ போதும். விலை உயர்ந்த ஓட்ட ஷூ தேவையில்லை. வெறும் தட்டை செருப்பில் நடப்பவர்களையும் பார்க்கிறேன், முழங்காலும் குதிகாலும் பிறகு பேசும்.

எப்போது மாற்றுவது என்பதற்கும் இங்கேயே கணக்குப் போடலாம். விளையாட்டு ஷூவின் மெத்தை பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். கடற்கரைச் சாலை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். தினமும் ஒருமுறை போய்வந்தால் மூன்று, மாதத்துக்குத் தொண்ணூறு. ஆறேழு மாதத்தில் அந்த எல்லை ஆரம்பித்துவிடும். மேலே பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும், சோலின் நடுப்பகுதியில் பக்கவாட்டுச் சுருக்கங்கள் விழுந்திருக்கும். மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் நடப்பது வேறு விஷயம். ஈர மணலில் வெறுங்காலோடு நடக்கலாம், சர்க்கரை நோய் இல்லாவிட்டால்.

பள்ளிக்கூட ஷூ: வளர்கிற பிள்ளைக்கு இரண்டு நம்பர் பெரிதாக வாங்கட்டுமா?

ஜூன் மாதத்தில் தினமும் கேட்கிற கேள்வி. பள்ளிக்கூட வயதில் கால் வருஷத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், ஏறக்குறைய ஒரு நம்பர். அதனால் விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டு வாங்கினாலே அந்த வருஷத்தின் பெரும்பகுதியை ஓட்டலாம். இரண்டு நம்பர் தள்ளி வாங்கினால் பிள்ளை ஷூவை இழுத்து இழுத்து நடக்கும், தடுக்கி விழும், நுனி தேய்ந்து அரைப் பரீட்சைக்குள் கிழியும். மிச்சம் பிடிக்க நினைத்த காசு அங்கே போய்விடும்.

சின்னப் பிள்ளை கடிக்கிறது என்று சொல்லாது. அதன் கால் எலும்புகள் இன்னும் மென்மையாக இருப்பதால் நெருக்கத்துக்கு வளைந்து கொடுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே நிற்கவைத்துப் பாருங்கள். சாக்ஸ் கழற்றும்போது விரல் நுனியில் சிவப்புத் தடம் இருந்தால் உடனே மாற்றுங்கள். அண்ணன் போட்ட ஷூவைத் தம்பிக்குக் கொடுப்பதும் வேண்டாம். அது அண்ணன் காலுக்கு ஏற்பத் தேய்ந்து சாய்ந்திருக்கும்.

நடை பழகுகிற குழந்தை வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கட்டும். உள்ளங்கால் தட்டையாக இருக்கிறதே என்று பதறி வருகிறார்கள். அந்த வயதில் அது இயல்பு, வளைவு ஆறேழு வயதுக்குள் மெல்ல உருவாகும்.

அப்பாவுக்குச் சர்க்கரை. எந்தச் செருப்பு கொடுக்கலாம்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஒருநாள் மதியம் ஒரு பெரியவர் வார் அறுந்த செருப்பை மாற்ற வந்தார். கழற்றச் சொன்னேன். சோலுக்குக் கீழே ஒரு ஷூ ஆணியின் தலை பளபளத்தது, உள்ளங்காலில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை. "வலியே இல்லியே தம்பி" என்றார். சர்க்கரை நோய் நீண்ட நாள் இருந்தால் பாதத்து நரம்புகள் உணர்வை இழக்கின்றன. ரத்த ஓட்டமும் குறைவதால் சின்னப் புண்ணும் ஆறாமல் ஆழமாகப் போகும். விரலை எடுக்க வேண்டிய நிலை இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அதனால் முதல் வேலை கடைக்கு வருவது இல்லை, டாக்டரிடம் காலைக் காட்டுவது. மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் பல இடங்களில் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சில நிமிஷ வேலை. உணர்வு குறைந்திருந்தால் எம்சிஆர் செருப்பு எழுதித் தருவார்கள். நுண்ணிய காற்றறைகள் உள்ள மென்மையான ரப்பர் அது. உடல் பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும், ஓரிடத்தில் குவிய விடாது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் கால் உணர்விழந்தவர்களுக்கு ஏற்ற காலணிகளுக்காகப் பாடுபட்டார். அந்தப் பரம்பரையில் வந்த அறிவுதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவுகிறது.

செருப்பில் நான் பார்க்கச் சொல்வது: கட்டைவிரல் வளையமோ விரலிடுக்கு வாரோ வேண்டாம். பின்னால் வார் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழன்று விழுவதுகூடத் தெரியாது. வெல்க்ரோ வைத்தது நல்லது, வீக்கத்துக்கு ஏற்பத் தளர்த்தலாம். அடியில் கெட்டி சோல், உள்ளே மெத்து. உள்பக்கத் தையல் விரலில் தட்டக் கூடாது. புதுச் செருப்பை முதல் நாளில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். தினமும் போடும் முன் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள்: கல், முள், பேரன் போட்ட பென்சில் முனை, எதுவும் இருக்கலாம். மருந்துக்கடையில் விற்கிற ஆணி பிளாஸ்திரியை இவர்கள் தொடவே கூடாது. அதிலிருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

கோயிலுக்குச் செருப்போடு போக முடியாதே?

முடியாது. ஆனால் நேரத்தை மாற்றலாம். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் பிரகாரமானாலும் வேறெதுவானாலும் நண்பகல் கல் தரை கொதிக்கும். உணர்வுள்ளவர் துள்ளி ஓடிவிடுவார், உணர்வு இல்லாதவர் நிதானமாகச் சுற்றிவிட்டு வீட்டில் போய்க் கொப்புளத்தைப் பார்ப்பார். அதிகாலையிலோ இருட்டியபிறகோ போங்கள், தடித்த வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளையில் ரத்தக் கறை உடனே தெரியும்.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறவர்களுக்கும் இதே பதில். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், அதை வெறுங்காலோடு நடப்பதை உணர்விழந்த கால் தாங்காது. அருணாசலேஸ்வரர் கோபித்துக்கொள்ள மாட்டார், டாக்டர் கோபித்துக்கொள்வார்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் ஆகஸ்டில் புது ஷூ கேட்டு வருவார்கள். கிளம்புகிற வாரத்தில் புதிது வாங்காதீர்கள். ஒரு மாதம் முன்பே வாங்கி அதிலேயே நடந்து பழகியிருக்க வேண்டும். சாக்ஸ் கூடுதலாக எடுத்துப் போங்கள், ஈரமான சாக்ஸ்தான் கொப்புளத்துக்குப் பாதிக் காரணம்.

காலையில் படுக்கையிலிருந்து இறங்கினதும் குதிகாலில் குத்துகிறது. ஷூ மாற்றினால் போகுமா?

முதல் சில அடிகளில் குத்தி, நடக்க நடக்கக் குறைகிற வலி பெரும்பாலும் உள்ளங்காலின் அடியில் ஓடும் தடித்த தசைநாரின் வேலை. தேய்ந்த ஹவாய் செருப்பும் கெட்டித் தரையும் அதற்குத் தீனி. குதிகாலைச் சுற்றிக் கெட்டியாகப் பிடிக்கிற, வளைவுக்குத் தாங்கல் உள்ள செருப்பு உதவும், கெண்டைக்கால் நீட்டும் பயிற்சியும் உதவும். வீட்டுக்குள் டைல்ஸ் தரையிலும் செருப்புப் போடுங்கள். சில வாரத்தில் குறையாவிட்டால் டாக்டர்.

ஹீல்ஸ் போடவே கூடாதா?

கல்யாணத்துக்குப் போடுங்கள், வேலைக்குத் தினமும் வேண்டாம். குதி உயர உயர பாரம் முன்பாதத்தில் விழும். கூர்மூக்கும் சேர்ந்தால் கட்டைவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, அடிமூட்டு பக்கவாட்டில் புடைக்கும். பரம்பரையாக வருகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம்.

சிப்காட்டில் வேலை. கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ விரலில் இடிக்கிறது.

மாற்றிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். மூக்கில் இருக்கிற இரும்புத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்கச் செய்தது. அது உங்கள் விரலுக்காக இளகாது. நெய்வேலியிலிருந்து வருகிறவர்களிடம் கட்டைவிரல் நகம் கறுத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு ஷூ நம்பர் தெரிந்துவிடும். குனிந்து குந்தி எழுந்து பார்த்துத்தான் சைஸ் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஒரே சாக்ஸ் வேண்டாம், மதியம் மாற்றுங்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகையில் நனையாத ஷூ இல்லை. இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். தாளை இரண்டு முறை மாற்றுங்கள். அடுப்பு ஓரத்தில் வைத்தால் பசை விட்டுப்போகும். இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் நல்லது. விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தாவிட்டால் சேற்றுப்புண் வரும்.

பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த ஷூ, போட்ட அன்றே உதிர்ந்துவிட்டது!

ரஸ்க் மாதிரி உதிர்ந்த சோலைப் பையில் கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். பாலியூரித்தேன் சோல் காற்றிலிருக்கும் ஈரத்தால் சில வருஷத்தில் தானாகவே சிதையும். நம் கடலோர ஈரத்தில் சீக்கிரமாகவே நடக்கும். போட்டு நடந்தால்கூட இவ்வளவு வேகமாகக் கெடாது. விசேஷத்துக்கு என்று பூட்டி வைக்காதீர்கள்.

ஞாயிறு சந்தையிலோ ஆன்லைனிலோ வாங்கலாமா?

சந்தையில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஏற்றுமதி மிச்சம் என்று சொல்லி விற்பார்கள். சில நிஜமாகவே நல்ல தோல். இரண்டு ஷூவின் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள், சோல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து நீளம் சரிபாருங்கள், பழையதற்கு பாலிஷ் போட்டிருக்கிறதா என்று உள்ளே மோந்து பாருங்கள். நடந்து பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம். ஆன்லைனில் திருப்பி அனுப்ப வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்து, வந்ததும் வீட்டுக்குள் மட்டும் மாலையில் போட்டு நடங்கள்.

அப்பாவுக்குத் தெரியாமல் வாங்கி ஆச்சரியப்படுத்த வேண்டும். நம்பர் மட்டும் சொன்னால் தருவீர்களா?

தருவேன், திருப்பிக் கொண்டுவருவீர்கள். அவர் தூங்கும்போது தினசரி போடும் ஷூவின் இன்சோலை உருவி ஒரு தாளில் சுற்றி வரைந்து கொண்டு வாருங்கள். எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, விரல் நுனி எங்கே தடம் பதித்திருக்கிறது என்று ஒரு புகைப்படமும் எடுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், சோல் அழுக்காகாமல் இருந்தால் மாற்றித் தருவோம்.